சும்மா வைத்த குழாய்

எந்தச் சோதனையானாலும் அவர் பக்கத்தில் ஒரு குழாயைச் சும்மா வைப்பார். பத்துக் குழாய்களில் மருந்து ஊற்றினால் பதினோராவதில் காய்ச்சி வடித்த வெறும் வாலைநீர் இருக்கும். பத்துக்கும் காட்டிய அதே சூடு, அதே நேரம், அதே குலுக்கல் அதற்கும் உண்டு. "இதில் எதைப் பார்க்கிறீர்?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்லாத எடத்துல ஒண்ணும் இல்லியான்னு பாக்கணும்லா சாரே" என்பார்.

அம்முறை எங்கள் பாடநூலிலும் இருந்தது. நாங்கள் அதைத் தேர்வுக்காகக் கற்பித்தோம். தேர்வு முடிந்ததும் மறந்தோம். அவர் மறக்கவில்லை. மாணவர்கள் அவரைச் 'சும்மா சார்' என்று அழைத்தார்கள். அது அவர் காதில் விழுந்தபோது, "பொருத்தமாத்தான் வச்சிருக்கானுவ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் நான் வேதியியல் விரிவுரையாளன். விடுதலை பெற்ற ஆண்டில் நான் சேர்ந்தேன். மறு ஆண்டு அவர் செய்முறை வகுப்புகளைக் கவனிக்கும் டெமான்ஸ்ட்ரேட்டராக வந்தார். எங்களிருவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. எனக்கு முதுகலைப் பட்டமும், சபைக் கமிட்டியில் ஓர் இடமும், வகுப்புக்குள் கழற்றாத கோட்டும் இருந்தன. அவருக்கு பி.எஸ்ஸி. பட்டம், நெற்றியில் அய்யாவழிக்காரர்களின் வெண்ணாமம், முழங்கைவரை சுருட்டிய சட்டை. என் வேலை நிரந்தரம். அவருடையது ஆண்டுதோறும் துறையின் அறிக்கையைப் பார்த்து நீட்டிக்கப்படுவது. அவர் பெயரை இங்கே எழுதுவது முறையன்று. எழுதுவதற்குரிய அனுமதியை நான் அவரிடம் பெறவில்லை. பெறும் தகுதியும் எனக்கு இருந்ததில்லை.

ஆய்வகத்துக்கு வெளியிலும் அவர் அப்படியே இருந்தார். வீட்டுப் பின்புறத்தில் எட்டுத் தென்னம்பிள்ளைகள் நட்டார். எங்கள் பக்கத்தில் குழியில் உப்புப் போட்டு நடுவது வழக்கம். ஏழு குழிகளுக்கு உப்புப் போட்டவர் எட்டாவதற்குப் போடவில்லை. நான் ஒரு வேலையாகச் சென்றிருந்த நாளில் அவர் மனைவி என்னிடமே முறையிட்டார்.

"சாரே, நீங்களாவது கேளுங்க. அந்த ஒத்தத் தையி என்ன பாவம் செஞ்சுது? ஏழுக்கும் உப்பு, அதுக்கு மட்டும் பட்டினியா?"

"பட்டினி கெடந்தும் வளந்துதுன்னா, உப்பு வெறும் செலவில்லா?" என்றார் அவர்.

"வளராட்டா?"

"அப்பம் உப்புக்கு மரியாத."

ஓராண்டு ஊரில் விஷக்காய்ச்சல் பரவியது. வைத்தியர் ஒருவர் வீடுவீடாகக் கஷாயம் கொடுத்தார். சும்மா சார் வீட்டில் ஐந்து பேர் குடித்தார்கள்; அவர் மட்டும் குடிக்கவில்லை. குடித்த ஐவருக்கும் காய்ச்சல் வரவில்லை. குடிக்காத அவருக்கும் வரவில்லை. இதை அவர் மனத்தோடு வைத்துக்கொண்டிருக்கலாம். நேரே வைத்தியரிடம் சென்று, மிகுந்த மரியாதையுடன், கணக்கு ஒப்பிப்பவரைப்போல் சொல்லிவிட்டு வந்தார். அதன்பின் வைத்தியர் அவரைக் கண்டால் தெருவின் மறுபக்கம் நடந்தார்.

இவையெல்லாம் வேடிக்கை. வேடிக்கையல்லாத ஒன்றும் நடந்தது. மழை பொய்த்த ஓர் ஆண்டு எங்கள் சபையில் மூன்று நாள் ஜெபம் வைத்தோம். நான்காம் நாள் மழை பெய்தது. மறுநாள் ஆய்வகத்தில் நான் அதை மகிழ்ச்சியோடு சொன்னேன். அவர் குடுவையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "நல்ல காரியம் சாரே. ஜெபம் வைக்காத வருசம் இந்த மாசம் எத்தன நாளுல மழ வந்துது? எழுதி வச்சிருக்கியளா?"

நான் அதிர்ந்துபோனேன். பரிகாசமாகக் கேட்டிருந்தால் கடிந்திருப்பேன். அவர் முகத்தில் பரிகாசம் துளியும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மூன்று நாள் அவருடன் பேசாதிருந்தேன். நான் பேசவில்லை என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

கப்பலில் வரும் அறிவியல் இதழ்கள் எங்கள் கைக்குச் சில மாதங்கள் பிந்தியே கிடைக்கும். ஐம்பத்துமூன்றாம் ஆண்டு முடியும் தறுவாயில் வந்த ஓர் இதழில் ஒரு செய்தி இருந்தது. அமெரிக்காவில் ஒரு மாணவர் மூடிய கண்ணாடிக் கலத்தில் நீராவியையும் அம்மோனியாவையும் வேறு இரண்டு வாயுக்களையும் அடைத்து, அவற்றினூடே நாள்கணக்கில் மின்பொறி பாய்ச்சினாராம். கலத்தின் அடியில் அமினோ அமிலங்கள் திரண்டிருந்தனவாம். அமினோ அமிலம் என்பது நம் தசையும் குருதியும் கட்டப்படும் செங்கல். உயிருள்ளவையோ வேதியியலாளர் கையோ மட்டுமே ஆக்கும் என்று நான் எண்ணியிருந்ததை, உயிரில்லாத வாயுவும் பொறியும் ஆக்கிவிட்டன. நான் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். பிறகு இதழை வருகைப் பதிவேட்டுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

அவர் அதை எப்படியோ எடுத்துப் படித்துவிட்டார். மறுநாள் காலை வேறொரு பழைய இதழைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"இது பூமியில நடந்ததில்லா சாரே. இதுக்குப் பூமி எதுக்கு?"

அவர் விரித்துக் காட்டிய பக்கத்தில் வானத்தின் புகைப்படம் ஒன்று இருந்தது. பொரி இறைத்தாற்போல நட்சத்திரங்கள். நடுவில் ஒன்றுமற்ற ஒரு கரும்பகுதி.

"இது நட்சத்திரம் இல்லாத வெற்றிடம்" என்றேன்.

"ஓட்ட இல்ல, பொடியாக்கும். பொறத்தால உள்ள வெளிச்சத்த அது மறைக்குது. அடுக்களச் சொவருல படியுத கரியில்லா, அது மாதிரி நுணுக்கமான பொடி."

அது சரியென்றே அறிஞர்களும் எழுதியிருந்தார்கள். அத்தகைய பொடிமண்டலங்களைக் கடந்து வரும் நட்சத்திர ஒளியை நிறம் பிரித்துப் பார்த்தால் சில இடங்களில் மெல்லிய இருட்கோடுகள் விழும். கரி அணு ஒன்று ஹைட்ரஜனோடோ நைட்ரஜனோடோ சேர்ந்த மூலக்கூறு அங்கே உண்டு என்பதற்கு அக்கோடுகள் சான்று. இது எனக்கும் தெரியும். ஆனால் அவை இரண்டு அணு கொண்ட எளிய மூலக்கூறுகள்.

"ரெண்டு சேந்தாச்சுன்னா அஞ்சு சேராதா? பத்து சேராதா?" என்றார்.

"சேராது. விண்வெளி எவ்வளவு வெறுமையானது என்று நீர் அறிவீர். ஓர் அணு இன்னோர் அணுவைச் சந்திப்பதே அரிது. சந்தித்தாலும் மோதலில் எழும் ஆற்றலை வாங்கிக்கொள்ள மூன்றாவது பொருள் ஒன்று வேண்டும். அது இல்லாவிட்டால் இரண்டும் தெறித்துப் பிரியும்" என்று நான் சற்று மிடுக்காகவே சொன்னேன்.

"சரியாக்கும். நடுக்கடல்ல ரெண்டு கட்டுமரம் சந்திக்காது. ஆனா ரெண்டும் கரைக்கு வரும்லா? அந்தப் பொடிதான் சாரே கரை. அணு வந்து ஒட்டும். ஒட்டுன எடத்துல பைய நகரும். பக்கத்துல முன்னமே வந்த ஒண்ணு கெடக்கும். ரெண்டும் சேரும்போ வாற சூட்டப் பொடி வாங்கிக்கிடும். தெறிக்காது. நீங்க கேட்ட மூணாவது ஆளு அதுதான்."

சீசாக்களைத் துடைத்துக்கொண்டிருந்த அட்டெண்டர் திரும்பிப் பார்த்தார். அவர் குளச்சல்காரர், மீன்பிடிக்கும் குடும்பம். "கரைக்கு வந்தா கல்யாணமும் உண்டு, மண்ட ஒடையுததும் உண்டு சாரே" என்றார்.

"அதும் சரிதான் மக்கா. மண்டய ஒடைக்கியது நட்சத்திர வெளிச்சம்" என்று அவர் அந்தப் பேச்சை அப்படியே பற்றிக்கொண்டார். "அந்தக் கரையில தண்ணியும் அம்மோனியாவும் ஐசா ஒறஞ்சு கெடக்கும். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஒண்ணு வந்து அடிக்கும். அடியில மூலக்கூறு ஒடையும். ஒடஞ்ச துண்டு தொணையில்லாம கெடக்குமா? பக்கத்துல உள்ளதப் புடிச்சுக்கிடும். மறுபடி அடி, மறுபடி சேரும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெரிசாவும். மனசிலாச்சா?"

"அந்தக் கடுங்குளிரில் எந்த வினையும் நடவாது."

"பைய நடக்கட்டும். அவசரம் ஆருக்கு? லச்சம் வருசம் கெடக்கட்டும். ஐசுல வச்ச மீனு கெடாதுல்லா. செஞ்சது செஞ்சபடி இருக்கும்."

என் உடம்பின் செங்கற்கள், பூமி என்று ஒன்று உண்டாவதற்கு முன்பே, ஆள் அரவமற்ற இருட்டில், புகைக்கரி போன்ற பொடியின்மேல், ஒருவர் கையும் படாமல் உருவாகிக் கிடக்கலாம் என்று ஒரு பி.எஸ்ஸி.காரர் என் முன்னால் நின்று சொல்கிறார். சபைக் கமிட்டியில் அமர்பவன் என்ற முறையில் திடுக்கிட்டேன். வேதியியல் கற்றவன் என்ற முறையில் அதில் பிழை காண முடியாததனால் இன்னும் அதிகமாகத் திடுக்கிட்டேன்.

சோதித்துப் பார்க்கலாம் என்றவர் அவர். அனுமதி அளித்தவன் நான். அவ்வளவுதான் என் பங்கு. ஆனால் சில வாரங்களுக்குள் 'உம்முடைய சோதனை' என்பது 'நம் சோதனை' ஆகி, முதல்வரிடம் பேசும்போது 'என் சோதனை' ஆகிவிட்டது.

புற ஊதா ஒளியைச் சாதாரணக் கண்ணாடி மறித்துவிடும் என்பதால் இயற்பியல் துறையிலிருந்து குவார்ட்ஸ் குழாய் ஒன்றும், பாதரச ஆவி விளக்கொன்றும் இரவல் வாங்கினோம். குழாயின் உட்சுவரில் விளக்குக் கரியைப் படியவைத்தோம். அதன்மேல் நீர், அம்மோனியா, மரச்சாராயமாகிய மெத்தனால் மூன்றின் கலவையை உறைபனியாக ஒட்டவைக்கவேண்டும். அதற்குக் குளிர் வேண்டும். நாகர்கோவிலில் குளிருக்கு எங்கே போவது? மீனுக்காகக் குளச்சலுக்கு வரும் ஐஸ் கட்டியை மரத்தூளில் பொதிந்து, சாக்கில் கட்டி, முதல் பேருந்தில் அட்டெண்டர் கொண்டுவருவார். அதை உடைத்து உப்போடு கலந்து, அதற்குள் குழாயை நிறுத்தினோம். விண்வெளியின் குளிருக்கு அது ஒரு நிழல்கூட ஆகாது. எங்களுக்குக் கைக்கெட்டிய குளிர் அதுதான்.

பல நாள் விளக்கெரித்தோம். பின்பு குழாயில் எஞ்சியதை உருக்கி, அம்மோனியாவை முற்றிலும் ஆவியாக்கி விரட்டி, மிஞ்சிய துளியை வடிதாளில் இட்டு, நின்ஹைட்ரின் தெளித்துச் சூடு காட்டினோம். அமினோ அமிலம் இருந்தால் ஊதா நிறம் தோன்றும்.

தாளை நானே பிடித்திருந்தேன். ஊதா தோன்றியது.

என் வாழ்க்கையில் அத்தகைய அதிர்ச்சியை அதற்குமுன் நான் அறிந்ததில்லை. முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அட்டெண்டர் சிலுவை போட்டுக்கொண்டார். சும்மா சார் மட்டும் தாளை வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சாரே, இதேமாதிரி சும்மா ஒண்ணு வைக்கணும். விளக்கெரிக்காம, வெறும் வாலைநீர் வச்சு."

"பிறகு செய்யும்" என்றேன்.

துறைத்தலைவர் அவ்வாண்டோடு ஓய்வுபெறுவதாக இருந்தார். அவ்விடத்துக்கு எனக்கும் ஒரு போட்டியாளருக்கும் இடையே நிர்வாகம் முடிவெடுக்காதிருந்தது. நான் அன்று மாலையே முதல்வரிடம் சென்றேன். கல்லூரி மண்டபத்தில் ஒரு சிறப்புரைக்கு நாள் குறிக்கப்பட்டது. திருவனந்தபுரம் பல்கலைக்கழகத்திலிருந்து மூத்த பேராசிரியர் ஒருவரை அழைத்தார்கள். அழைப்பிதழில் என் பெயர் மட்டும் இருந்தது.

உரைக்கு முந்தின நாள் முற்பகலில் அவர் என்னை ஆய்வகத்துக்கு அழைத்தார். கிளிப்பில் ஒரு தாள் தொங்கியது. அதிலும் ஊதா.

"இது சும்மா வச்சது சாரே. விளக்கு இல்ல, அம்மோனியா இல்ல. தாளு உங்க மேசையில இருந்த கட்டுலேர்ந்து எடுத்தது."

எனக்குச் சினம் வந்தது, சினத்துக்கு ஓர் ஆளும் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். மீன் ஐஸ் சுமந்த கை. மீன்பிடிக்கும் வீட்டிலிருந்து வரும் கை. அட்டெண்டரை நோக்கி, "உன் கையின் மீன்தான் எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கிறது. நாளை முதல் நீ வரவேண்டாம்" என்றேன்.

அட்டெண்டர் தம் கைகளைப் பார்த்தார். "சாரே, மூணு தடவ சோப்புப் போட்டாக்கும் நான் உள்ள கால வைப்பேன். வாட எனக்க சட்டையில இருக்கும். பேப்பர நான் தொட்டதே இல்ல. வீட்டுல நாலு புள்ளைய உண்டும் சாரே."

"ஒரு மணிக்கூர் பொறுங்க" என்று குறுக்கிட்டார் சும்மா சார். "ஆரு கைன்னு கேட்டுருவோம்."

புதிய கட்டைப் பிரித்து, இடுக்கியால் நான்கு தாள்களை எடுத்து வரிசையாக வைத்தார். முதல் தாளை அட்டெண்டர் தொட்டார். இரண்டாவதைத் தாமே தொட்டார். மூன்றாவதை என் முன் நீட்டி, "நீங்களும் தொடுங்க சாரே" என்றார். நான்காவதை ஒருவரும் தொடவில்லை. நான்கிலும் நின்ஹைட்ரின் தெளித்துச் சூடு காட்டினார்.

தொடாத தாள் வெள்ளையாகவே இருந்தது. மற்ற மூன்றிலும் பையப் பைய ஊதா எழுந்தது. மீன் அல்ல, மனிதத் தோலின் வியர்வை. வியர்வையில் அமினோ அமிலம் உண்டு என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இடுக்கி மாணவர்களுக்கானது என்று நினைத்து வெறுங்கையால் தாளெடுக்கும் வழக்கம் எனக்கு இருந்தது. அட்டெண்டரும் அவரும் அந்நாள்வரை இடுக்கியில்லாமல் தாளெடுத்ததில்லை.

மூன்றாவது தாளில் ஒரு கட்டைவிரலின் சுழிரேகை தெளிவாகத் தெரிந்தது. அதன் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. மாணவனாயிருந்தபோது கண்ணாடிக் குழாய் உடைந்து என் வலக் கட்டைவிரலில் விழுந்த வெட்டின் தழும்பு அது. அவர் முதன்முதலில் ஊதா தோன்றிய தாளைக் கொண்டுவந்து அதனருகில் வைத்தார். நான் கண்டு அதிர்ந்த ஊதாக் கறையின் ஓரத்தில் அதே சுழியும், அதே வெள்ளைக் கோடும் இருந்தன. விண்வெளியிலிருந்து வந்ததென்று நான் ஊருக்கு அறிவித்தது என் கட்டைவிரலின் வேர்வை.

நான் அட்டெண்டரை வெளியே போகச் சொன்னேன். அவரை வேலையைவிட்டு நிறுத்தும் பேச்சை நான் மீண்டும் எடுக்கவில்லை. பிறகு கதவைச் சாத்திவிட்டு, சும்மா சாரிடம் வேண்டிக்கொண்டேன். நான் யாரிடமும் வேண்டிப் பழகியவன் அல்லன்.

"நாளைக்கு இதைப் பற்றி நீர் பேசவேண்டாம்."

அவர் நான்கு தாள்களையும் கிளிப்பில் மாட்டினார். "கேக்காம சொல்லமாட்டேன் சாரே. கேட்டா சொல்லுவேன்."

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. பொடி, உறைபனி, ஒளி, மூலக்கூறு என்று ஒரு மணி நேரம் பேசினேன். நன்றாகவே பேசினேன், பேசியவை பெரும்பாலும் அவருடைய வாக்கியங்கள், இலக்கணம் திருத்தியவை. கடைசியில் கண்ணாடிச் சட்டத்தில் பொருத்திய ஊதாத் தாளை உயர்த்திக் காட்டினேன். சுழி தெரியும் ஓரத்தைக் கத்தரித்துவிட்டிருந்தேன். கைதட்டல் அடங்கியதும் மூத்த பேராசிரியர் எழுந்து, வெறும் நீரை வைத்து இதே சோதனை செய்யப்பட்டதா என்று அமைதியாகக் கேட்டார்.

நான் தண்ணீர்க் குவளையை எடுத்தேன். குடித்தேன். கீழே வைத்தேன். பேராசிரியரின் பார்வை என்னைக் கடந்து, மேடையோரத்தில் கருவிகளருகே நின்ற அவர்மேல் சென்றது.

"நீங்கள்தான் இங்கே டெமான்ஸ்ட்ரேட்டரா? செய்தீர்களா?"

"செஞ்சேன் சார். அதுலயும் நெறம் வந்துது. தாள்ல கை பட்டிருக்கு."

பேராசிரியர் மேடையை நோக்கி இரண்டடி நடந்து வந்தார்.

"யாருடைய கை?"

நான் வலக்கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன். அது எனக்குத் தெரிந்து நடந்த செயல் அல்ல. அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"எனக்க கை" என்றார்.

பேராசிரியர் முன்னால் ஊர்ப்பேச்சு வாயில் வந்துவிட்டதற்காகப் பின்வரிசை மாணவர்கள் சிரித்தார்கள். நான் அதிர்ந்து நின்றேன். நான் அவரைப் பார்க்கத் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அத்தனை நாளில் அவர் ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் சொன்ன முதல் பொய்யை முந்நூறு பேர் முன்னிலையில் கேட்டேன். அதைத் திருத்தக்கூடியவன் மண்டபத்தில் ஒருவன்தான் இருந்தான்.

நான் திருத்தவில்லை.

பேராசிரியர் என்னைக் கடியவில்லை. தன்கீழ் வேலை செய்பவர் பிழையை ஒப்புக்கொள்ளத் துணியும் ஆய்வகம் நேர்மையாக நடத்தப்படும் ஆய்வகம் என்று முதல்வரிடம் என்னைப் பாராட்டிவிட்டுச் சென்றார். துறைத்தலைவர் பதவி எனக்கு வந்தது. அவ்வாண்டு அவருடைய பணி நீட்டிப்புக்கான அறிக்கையை எழுதவேண்டியவன் நான். 'கவனக்குறைவு' என்று ஒரு சொல் எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு, எந்தெந்த அலமாரியில் எது இருக்கிறது என்று எழுதிய தாளொன்றையும் வைத்துவிட்டுப் போனார். விளக்கை எப்படித் துடைப்பது என்பதும் அதில் இருந்தது.

பிற்காலத்தில் பிற நாடுகளில் வானொலித் தொலைநோக்கிகளைக் கொண்டு அந்தக் கரும்பொடி மண்டலங்களை ஆராய்ந்தார்கள். அம்மோனியா, நீர், மரச்சாராயம், எறும்பின் அமிலம் என்று ஒவ்வொன்றாக அங்கே கண்டார்கள். பத்தாண்டுகளுக்கும் மேலாக அவற்றைப் பாடமாக நடத்தியவன் நான். நடத்தும்போது எவரையும் நான் மேற்கோள் காட்டவில்லை.

அவரை அதன்பின் ஒருமுறை சந்தித்தேன். ஐம்பத்தாறில், திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்த எங்கள் வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைவதற்குச் சில வாரங்கள் முன்பு, ஒரு திருமணத்துக்காக அருமனை சென்றிருந்தேன். பேருந்து நிறுத்தத்தில் நிற்கையில் பின்னால், "சாரே, சொகமா?" என்ற குரல் கேட்டது. திரும்பினால் அவர். பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் உறையவைக்கும் கொட்டகையைப் பார்த்துக்கொள்கிறாராம். சட்டை அப்போதும் முழங்கைவரை சுருட்டியிருந்தது. அதில் ஆசிட் நெடி வீசியது.

நலம் விசாரித்தோம். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போவதாகச் சொன்னார். பிறகு, இதற்காகவே காத்திருந்தவரைப்போல் ஓரடி நெருங்கி வந்தார்.

"நம்ம சோலி என்னாச்சு?"

"எந்தச் சோலி?"

"ஐசுச் சோலி சாரே. இடுக்கி வச்சு மறுபடி செஞ்சு பாத்தியளா?"

அக்கேள்விக்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை. ஆகவே, இரண்டாண்டுகளாக என்னை உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "அன்று மண்டபத்தில் நீர் ஏன் அப்படிச் சொன்னீர்?"

அவர் என்னை வியப்போடு பார்த்தார். "பின்ன எப்படிச் சொல்லுயது? உங்க கைன்னு சொன்னா உங்களுக்குப் பதவி போவும். வாற ஆளு அந்த வெளக்கத் திருப்பிக் குடுத்துட்டு லேப்பப் பூட்டிருவாரு. எனக்கு எம்.எஸ்ஸி. இல்ல, எனக்க கையில ஆரு தருவா? ரெண்டுபேருல ஒருத்தரு போணும்னா நான் போறதுதான் சரி. நீங்க இருந்தா சோலி நடக்கும்லா."

என்மீது கொண்ட மரியாதை என்று நினைத்திருந்தேன். இரக்கம் என்றும் சில சமயம் நினைத்து வெட்கியிருந்தேன். இரண்டும் இல்லை. அந்தக் கணக்கில் நான் ஓர் ஆளாகவே இல்லை. விளக்குக்கும் குழாய்க்கும் பக்கத்தில் நிற்க அனுமதியுள்ள ஒரு கோட்டு, அவ்வளவே.

"நேரம் கிடைக்கவில்லை" என்றேன்.

"வெளக்கு கெட்டுப்போச்சா?"

"இல்லை."

"குழாய் ஒடஞ்சு போச்சா?"

"இல்லை. அலமாரியில் இருக்கிறது."

அவரிடம் அடுத்த கேள்வி இல்லாமற்போனதை அன்றுதான் கண்டேன். சாலையின் இரு முனைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பின்பு, "அப்பம் சரி சாரே. பஸ்ஸு வந்தாச்சு" என்று சொல்லிவிட்டு ரப்பர் மரங்களுக்கிடையே உள்ள பாதையில் இறங்கி நடந்தார்.

பேருந்து வந்திருக்கவில்லை. அது வருவதற்கு இன்னும் அரைமணி நேரம் ஆயிற்று.